கவிழ்த்து வைத்த கோப்பைகள்

மூன்று ஒயின்கள், பன்னிரண்டு விருந்தினர். ஆக, முப்பத்தாறு கோப்பைகள். உணவகத்தில் எல்லாராலும் ஒயின்காரர் என்றே அழைக்கப்பட்ட அவர், மதிய விருந்துக்கான மேசையை இரண்டாம் முறையாகச் சரிபார்த்தார். குமிழி பறக்கும் ஒயினுக்கு ஒடுங்கி உயர்ந்த கோப்பை. குமிழிகள் சீக்கிரம் அடங்கா. வெள்ளைக்கு நடுத்தரம்; குளிர்ச்சி போகுமுன் குடித்து முடிக்கலாம். பழைய சிவப்புக்கு வயிறு பெருத்து வாய் குறுகியது. மணத்தை உள்ளே திரட்டி மூக்குக்கு நேராக அனுப்பும்.

அந்த மணம் அவரை எட்டி இரண்டு மாதங்கள் ஆகியிருந்தன. ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது மோப்பத்தையும் கையோடு கொண்டுபோய்விட்டது. மோப்பம் போனவனுக்கு இந்த வேலை ஏது? ஆகவே யாரிடமும் அவர் மூச்சு விடவில்லை. கோப்பையை முகர்வார், கண்ணை மூடுவார், தலையாட்டுவார். மிச்சத்தைப் பதினெட்டு ஆண்டுப் பழக்கம் பார்த்துக்கொண்டது. வேலையைவிட நடிப்புத்தான் அவரை அதிகம் களைப்பாக்கியது. வீட்டுக்குப் போனால் சட்டையைக் கழற்றவும் கை எழுவதில்லை.

சமையலறையிலிருந்து தலைமைச் சமையற்காரர் வந்தார். ஒயின்காரருடைய மனைவியின் அண்ணன்.

"என்ன மாப்ள, மூஞ்சி தொங்குது? என் தங்கச்சி திட்டினாளா?"

"அவ திட்டினா தெம்பால்ல இருப்பேன், மச்சான்."

சமையற்காரர் சிரித்துக்கொண்டே பெரிய கோப்பையொன்றை மூக்கருகே கொண்டுபோனார். சிரிப்பு நின்றது. கோப்பையை நீட்டினார்.

"இது எப்படி இருக்கு?"

ஒயின்காரர் முகர்ந்தார், கண்ணை மூடினார். "சுத்தமா இருக்கு."

"வார்னிஷ் வாடை குடலைப் புரட்டுது, மாப்ள."

அலமாரித் தட்டுகளுக்கு முந்தாநாள்தான் வார்னிஷ் பூசியிருந்தார்கள். தூசி விழாதிருக்க, நேற்று அவரே அத்தனை கோப்பைகளையும் அவற்றின்மேல் வாய் கீழாகக் கவிழ்த்து வைத்திருந்தார்.

"எத்தனை நாளா?"

"காய்ச்சலுக்கு அப்புறம்."

"அடப்பாவி! சூப் தீஞ்சப்போ பக்கத்துல நின்னு 'பிரமாதமா மணக்குது'ன்னியே. கிண்டல் பண்றேன்னுல்ல நெனச்சேன்!"

வெந்நீரில் முப்பத்தாறையும் கழுவினார்கள். ஒருவர் துடைக்க, ஒருவர் முகர்ந்தார். ஒன்பது கோப்பைகள் இரண்டாம் முறையும் தொட்டிக்குத் திரும்பின.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். இனிமே நான் மோந்து சொல்றேன், நீ தலையாட்டு."

"தினமுமா, மச்சான்?"

சமையற்காரர் அடுத்த கோப்பையை எடுத்து முகர்ந்தார்.

பன்னிரண்டு மணிக்குச் சற்று முன்பு முதலாளி வந்தார். "சிவப்பைத் திறந்தாச்சா? எப்படி இருக்குன்னு சொல்லுங்க."

ஒயின்காரர் சிறிது ஊற்றினார். கை, பழக்கத்தில், பாதி தூரம் உயர்ந்து நின்றது.

"எனக்கு வாசனை தெரியாதுங்க. ரெண்டு மாசமாச்சு."

முதலாளி அவரைப் பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். "விருந்து முடியட்டும். பேசுவோம்."

வாசலில் முதல் கார் வந்து நின்றது. ஒயின்காரர் சிவப்பை முகர்ந்து பார்க்க மைத்துனரிடம் கொடுத்துவிட்டு, ஒடுங்கிய கோப்பைகள் இருந்த தட்டைத் தூக்கினார். பன்னிரண்டும் இருக்கின்றனவா என்று இன்னொரு முறை எண்ணிக்கொண்டார்.