சாம்பல் படாத விரால்

குழந்தையைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டு வந்த நாள் முதல் ஹெப்சிபா தன் கணவனிடம் நேராகப் பேசவில்லை. கோபமெல்லாம் இல்லை. சொல் எழவில்லை, அவ்வளவுதான். சோற்றை வைத்துவிட்டு, "சாப்பிடச் சொல்லு" என்பாள் வேலைக்காரி சந்தனமாரியிடம். இஸ்ரவேல் வாத்தியார் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார். வாய்க்கு வாய் "அத்தான், அத்தான்" என்று அவரைச் சுற்றி வந்தவள் அவள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டாம் வருஷத்துக் கோடை அது. வீட்டுக் கிணற்றடிக் குட்டைக்கு யாரும் தண்ணீர் இறைக்கவில்லை. மீன்கள் செத்து மிதந்ததை ஹெப்சிபா சும்மா பார்த்துக்கொண்டு நின்றாள். ஐப்பசி மழையில் குட்டை நிறைந்ததும், "புது மீன் வாங்கி விடுவோம், நீயும் வா" என்று வாத்தியார் வண்டி கட்டினார். வா என்றார், வந்தாள்.

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்குக் கீழே கருத்தையா பானைகளில் உயிர்மீன் வைத்து விற்றுக்கொண்டிருந்தான்.

"நல்ல விராலாப் பாத்துக் குடுலே" என்றார் வாத்தியார்.

கருத்தையா கையைச் சாம்பலில் தோய்த்தான். வழுக்கிய மீனை இறுகப் பிடித்து, தலையில் கட்டையால் ஒரு போடு போட்டான்.

"ஐயோ! ஏம்லே கொன்னே?"

"கொல்லாம, உசுரோடயா கொழம்பு வைப்பாவ?"

"வளக்கதுக்குலே!"

"மொதல்லயே சொல்லணும்லா அய்யா! நல்ல மீனுன்னதும் நான் சட்டியைல்லா நெனச்சேன்." சிரித்துக்கொண்டே, அதே கையால் இன்னொன்றைப் பிடித்து வாத்தியாரின் குடத்தில் போட்டான். தண்ணீர் சாம்பலாய்க் கலங்கியது.

ஹெப்சிபா ஆற்றங்கரையில் பிறந்தவள். மேல் வழுவழுப்பைச் சாம்பல் எடுத்துவிட்டால் மீன் தங்காது என்று அவளுக்குத் தெரியும்.

"சாம்பல் பட்டது பொழைக்காது, வேண்டாம்னு அவுககிட்டச் சொல்லுங்க அண்ணாச்சி."

கருத்தையா இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "ஏம்மா, நான் சொன்னாத்தான் கேக்குமோ? அய்யாவுக்குக் காது மந்தமோ?"

இஸ்ரவேல் சிரிக்கவில்லை. மீனைத் திருப்பிக் கொடுத்து, குடத்தை ஆற்றில் கழுவிப் புதுத் தண்ணீர் மொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார்.

"நீயே எடு."

அவள் பானைக்குள் கையை விட்டாள். புண் இல்லாதது, துடுப்பு கிழியாதது, தொட்டதும் வாலால் அடிப்பது. அப்படிப் பார்த்து நான்கு எடுத்தாள். சந்தோஷம் என்று சொல்ல முடியாது. கைக்குத் தெரிந்த வேலையைக் கை செய்தது.

வீட்டுக்கு வந்ததும் இஸ்ரவேல் குட்டையில் இறங்கிக் குடத்தைக் கவிழ்க்கப் போனார்.

"பைய!" என்றாள் ஹெப்சிபா. சந்தனமாரி பக்கத்தில்தான் நின்றாள். அவளைப் பார்த்துச் சொல்லவில்லை. "பைய, அத்தான். சட்டுனு விட்டா மலைச்சுப் போவும். குடத்தோட தண்ணிக்குள்ள வைங்க. பழகிட்டு அதுவா வரட்டும்."

வேட்டி நனைய, குடத்தின் கழுத்தைப் பிடித்தபடி இஸ்ரவேல் அசையாமல் நின்றார். அவரால் அவளைத் திரும்பிப் பார்க்க முடியவில்லை.

அவள் கரையில் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. நெஞ்சு பழையபடி மரத்துத்தான் கிடந்தது. கால்விரலில் தண்ணீர் சில்லென்று பட்டது; காலை எடுக்கவில்லை.

ஒரு விரால் குடத்தின் வாய்வரை வந்து, உள்ளே திரும்பிவிட்டது.

"வரலியே" என்றார் இஸ்ரவேல்.

"வரும், அத்தான்."