கிடைத்தது என்று சொன்ன பக்கம்

வெள்ளிக்கிழமை மதியம் மூன்றரை மணி. அம்பத்தூர் எஸ்டேட்டில் இரண்டாம் மாடியில் இருந்த அந்தச் சின்ன வெப்சைட் கம்பெனியில் எல்லாருக்கும் டீ கொடுத்து முடித்துவிட்டு, தாயம்மா கடைசியாக ரோஷினியின் மேஜைக்கு வந்தாள். மற்ற நாளில் டம்ளரை வைத்துவிட்டு நடையைக் கட்டுகிறவள், அன்று நின்றாள். நின்றதோடு விடாமல் போனை எடுத்து ரோஷினியின் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

“இந்தா கண்ணு, பாரு. நீ செஞ்ச வெப்சைட்டுலதான் எங்க கவி அப்ளிகேசன் போட்டுக்கீறா. போட்டா புட்ச்சி எனக்கு அனுப்பிச்சா.”

குத்தம்பாக்கத்துப் பக்கம் புதிதாக வரும் ஒரு பேக்டரிக்குப் பெண்கள் மட்டும் இருநூறு பேரை நிரந்தர வேலைக்கு எடுக்கிறார்கள். அதற்கு விண்ணப்பிக்கும் வெப்சைட்டைச் செய்து கொடுத்தது இந்தக் கம்பெனி. முழுக்கத் தன் கையால் எழுதியவள் ரோஷினி. கோவில்பட்டியிலிருந்து வந்து வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். ஒரு வருடம் ஒழுங்காக ஓட்டினால் அவளும் நிரந்தரம். தாயம்மாவின் மகள் கவிப்பிரியா மூன்று வருடமாக வேறொரு பேக்டரியில் காண்ட்ராக்டில் கிடந்து அல்லாடுகிறாள். புது பேக்டரியில் வயது வரம்பு இருபத்தைந்து. அவளுக்கு அடுத்த மாதம் இருபத்தைந்து முடிகிறது. இதை விட்டால் அவளுக்கு இன்னொன்று கிடையாது. இதையெல்லாம் தாயம்மா ஒரு வாரமாகச் சொல்லிச் சொல்லி ஆபீசில் எல்லாருக்கும் மனப்பாடம்.

ரோஷினி சிரித்துக்கொண்டே போட்டோவைப் பார்த்தாள். பச்சை டிக். கீழே கொட்டை எழுத்தில், ‘நன்றி. உங்கள் விண்ணப்பம் கிடைத்தது. பதிவு எண்:’ என்று இருந்தது. அந்த முக்காற்புள்ளிக்குப் பிறகு ஒன்றுமே இல்லை.

சிரிப்பு அங்கேயே செத்தது.

தாயம்மா எதிரில் நிற்க நிற்க, பதிவான பட்டியலைத் திறந்து கவிப்பிரியாவின் பெயரைத் தேடினாள். இல்லை. போன் நம்பரைப் போட்டுத் தேடினாள். அதுவும் இல்லை. “அக்கா, கவி என்ன போன் வச்சிருக்கா?” என்று கேட்டாள். கேட்கும்போதே குரல் இறங்கிவிட்டது. தாயம்மா பெருமையாகச் சொன்னாள், ஐபோனாம், ரெண்டு வருசத்துக்கு முன்னால செகண்ட் ஹேண்டில் வாங்கினதாம், பழசுதான் ஆனா இன்னும் பளபளன்னு கீதாம்.

நடந்தது இதுதான். வெப்சைட் எழுதும் பாஷையில் ‘டயலாக்’ என்று ஒரு டேக், அதாவது குறிச்சொல், சில வருடங்களாகப் புழக்கத்தில் இருக்கிறது. செய்தி சொல்லும் பெட்டி ஒன்றைப் பக்கத்திலேயே எழுதி வைத்துவிடலாம். பிரவுசர் அதை மறைத்து வைத்துக்கொண்டு, நாம் கூப்பிடும்போது மட்டும் காட்டும். முன்பெல்லாம் இதற்கு முழ நீளம் புரோகிராம் எழுத வேண்டும். இப்போது இரண்டு வரி. ஆனால் பழைய பிரவுசருக்கு இந்த டேக்கே தெரியாது. தெரியாது என்று சொல்லவாவது செய்யுமா? அதுவும் செய்யாது. உள்ளே எழுதியிருப்பதை அப்படியே பக்கத்தில் கொட்டிவிட்டுத் தேமே என்று உட்கார்ந்திருக்கும்.

முதல் பக்கத்தில் பெயர், ஊர், போன் நம்பர். ‘அடுத்து’ அமுக்கினால் இரண்டாம் பக்கத்தில் சான்றிதழ், ஓடிபி, கடைசியில் ‘அனுப்பு’. கடைசிப் பொத்தான்வரை போனால்தான் எதுவும் சர்வருக்கு வந்து சேரும். இரண்டாம் பக்கத்தின் தலையிலேயே ரோஷினி அந்த நன்றிப் பெட்டியை எழுதி வைத்திருந்தாள். பழைய ஐபோனில் ‘அடுத்து’ அமுக்கினவுடன் திரை முழுக்கப் பச்சை டிக், விண்ணப்பம் கிடைத்தது, கீழே ‘சரி’ என்று ஒரு பொத்தான். யாராக இருந்தாலும் சரியை அமுக்கத்தானே செய்வார்கள்? அமுக்கினால் முகப்புப் பக்கம். வேலை முடிந்தது. எதுவுமே போய்ச் சேரவில்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால் மேனேஜர் சரவணக்குமார், அலமாரியில் கிடக்கும் பழைய போன்களிலும் ஒரு தடவை போட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தார். அவள் பார்க்கவில்லை. எந்த பிரவுசரில் எது ஓடும் என்று காட்டும் அட்டவணையைத் திறந்து, கட்டம் கட்டமாகப் பச்சை இருப்பதைக் காட்டினாள். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து சார் என்றாள். மீதி அஞ்சு பேர் என்ன பண்ணுவாங்க என்று அவர் கேட்டதற்கு, “அவங்க அப்டேட் பண்ணிக்கட்டும் சார்” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அப்டேட் பண்ணுகிறதாம். அந்த ஐபோனுக்குக் கம்பெனிக்காரனே அப்டேட்டை நிறுத்தி வருடக்கணக்காகிறது. வேறு பிரவுசரை இறக்கிப் போட்டாலும் சட்டைதான் வேறு, உள்ளே இருப்பது அதே பழைய எஞ்சின். இது ரோஷினிக்குத் தெரியாததா? தெரியும். தெரிந்தும் திமிர்.

மணி மூன்று ஐம்பது. ஐந்து மணிக்கு விண்ணப்பம் மூடுகிறது.

ரோஷினிக்குப் பயமாக இருந்தது. பயத்தைவிட வெட்கம் அதிகமாக இருந்தது. தாயம்மாவிடம் பூசி மெழுகாமல் சொன்னாள்: “அக்கா, இது பதிவாகல. தப்பு என்னுது. கவிக்குப் போன் போடுங்க, இங்கிருந்தே நான் போட்டுடறேன்.” தாயம்மாவின் முகம் சுண்டிப் போயிற்று. ஆனாலும் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று ரோஷினிக்குத் தோன்றியது.

கவிப்பிரியா கம்பெனி வண்டியில் இருந்தாள். ஷிப்ட் முடிந்து கிளம்பின வண்டி, கரையான்சாவடியில் நெரிசலில் மாட்டிக்கொண்டு நகராமல் நின்றது. ரோஷினி விஷயத்தைச் சொல்லி, விவரத்தைக் கேட்டுக் கேட்டு டைப் அடித்தாள். பிளஸ் டூ மார்க் ஷீட், ஆதார், போட்டோ எல்லாம் போனில் வந்து சேர்ந்தன. இடையில் ஓடி, மேனேஜர் அறைக்குள் தலையை நீட்டி, பக்கத்தில் ஒரு கோளாறு, திருத்தி ஏற்ற வேண்டும் என்றாள். கடைசி நாளில் எதையும் தொடாதே என்று அவர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

திரும்பி வந்து ஓடிபி அனுப்பினாள். மணி நான்கு பதினாறு. “ஆறு நம்பர் வந்திருக்கும் பாரு, சொல்லு கவி. பத்து நிமிஷம்தான் செல்லும்.”

அந்தப் பக்கம் வண்டியில் யாரோ பேசுவது மட்டும் கேட்டது.

“நம்பர் வந்துச்சுக்கா,” என்றாள் கவிப்பிரியா. “ஆனா ஒண்ணு. நான் எனக்கு மட்டும் போடல. எங்க வண்டில பதினோரு பேரு. அல்லாருக்கும் என் போன்லதான் போட்டுக் குடுத்தேன். ஆயிடுச்சு, கவலைப்படாதீங்கன்னு நான்தான் சொன்னேன்.”

ரோஷினி பதிவான பட்டியலை மறுபடி திறந்தாள்.

“அதுல ரெண்டு பேரு இன்னைக்கே வேலைய உடறேன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. அவங்க சர்டிபிகேட் அல்லாம் ஊட்டுல கீது. ஊடு போய்ச் சேரவே அஞ்சரை ஆவும். அவங்களுக்கு இன்னாக்கா வழி?”

ரோஷினி, முதலில் உன்னுடையதை முடித்துவிடுவோம், பிறகு மற்றதைப் பார்ப்போம் என்றாள். அது பொய் என்று இரண்டு பேருக்குமே தெரியும். ஐந்து மணிக்கு மேல் பார்க்க என்ன இருக்கிறது?

“அவங்களுக்கு வழி சொல்லுங்க. அப்புறம் நம்பர் சொல்றேன்,” என்றாள் கவிப்பிரியா.

தாயம்மா போனைப் பிடுங்கிக்கொண்டாள். அவள் கத்தினது ஆபீஸ் முழுக்கக் கேட்டது. அடிப்பாவி, உனுக்குப் புத்தி கெட்டுப்போச்சா, ஊரான் ஊட்டுப் பொண்ணுங்கள அந்த ஊரான் பாத்துப்பான், நம்பரச் சொல்லுடி என்று கத்தினாள். கெஞ்சினாள். அழுதாள். மகள் மசியவில்லை. நான் மட்டும் போய்ச் சேர்ந்தா நாளைக்கு இந்த வண்டில எந்த மூஞ்ச வச்சிக்கினு ஏறுவேன் என்று அவள் கேட்டது, தாயம்மாவின் காதோடு ஒட்டியிருந்த போனிலிருந்து ரோஷினிக்கும் கேட்டது. தாயம்மா போனை மேஜைமேல் வைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

ரோஷினி சர்வரின் வருகைக் கணக்கைத் திறந்தாள். பழைய பிரவுசரில் இரண்டாம் பக்கம்வரை வந்து, அனுப்பாமலே திரும்பிப் போனவர்களை எண்ணச் சொன்னாள். நூற்று நாற்பத்து மூன்று. பெயர் கிடையாது, நம்பர் கிடையாது, ஒன்றும் கிடையாது.

எழுந்து மேனேஜர் அறைக்குப் போனாள். இந்தத் தடவை உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். எல்லாவற்றையும் சொன்னாள். சரவணக்குமார் கெட்ட மனிதர் இல்லை. பழைய போனில் பார்க்கச் சொன்னதே அவர்தான். ஆனால் அந்த பேக்டரிதான் கம்பெனிக்கு இந்த வருடம் கிடைத்த பெரிய வேலை. அவருக்கும் வேர்த்தது.

“இதுவரைக்கும் யாராவது கம்ப்ளெயின்ட் பண்ணாங்களா?” என்று கேட்டார்.

“எப்படி சார் பண்ணுவாங்க? கிடைச்சிடுச்சுன்னு நாமதானே சொல்லியிருக்கோம்.”

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, அந்தப் பெண்ணுக்கு மட்டும் போட்டு முடி, ஐந்து மணிக்குத் தானாக மூடிவிடும், மற்றதை இதோடு மறந்துவிடு என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. மறைக்கவும் முடியும் என்பதுதான் கொடுமை. கேட்க வருகிறவர்களிடம் ஒரு பதிவு எண்கூட இல்லையே.

“அந்தப் பொண்ணு ஓடிபி சொல்ல மாட்டேங்கா சார்,” என்றாள் ரோஷினி. பதற்றத்தில் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது. அங்கேயே, அவர் எதிரிலேயே, பேக்டரியில் ஆள் எடுக்கும் பொறுப்பில் இருந்த பஞ்சவர்ணம் மேடத்துக்குப் போன் போட்டாள். சரவணக்குமார் பாதி எழுந்தார். எழுந்தவர் அப்படியே நின்றார்.

பஞ்சவர்ணம் குறுக்கே பேசாமல் கேட்டாள். எத்தனை பேர் என்றாள். நூற்று நாற்பத்து மூன்று. யார் யார் என்றாள். தெரியாது. தெரியாதவர்களுக்கு எப்படித் தெரியப்படுத்துவாய் என்றாள். பதினோரு பேர் ஒரே வண்டியில் இருக்கிறார்கள், ஒவ்வொரு வண்டியிலும் இப்படி யாராவது இருப்பார்கள், வாய் வார்த்தையாகப் போகும் மேடம், பக்கத்தின் தலையிலும் எழுதிப் போடுகிறேன் என்றாள் ரோஷினி.

“வாயால சொன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாதும்மா. என்ன நடந்தது, யார் தப்பு, எல்லாத்தையும் எழுதி உன் பேர் போட்டு அனுப்பு. அதை வச்சுத்தான் நான் மேலே கேக்க முடியும்.”

மணி நான்கு முப்பத்தொன்று. ரோஷினி இடத்துக்கு வந்து எழுதினாள். சரவணக்குமார் பின்னால் வந்து நின்று படித்தார். ‘தவறு’ என்று எழுதின இடத்தில் ‘தொழில்நுட்பச் சிக்கல்’ என்று மாற்றச் சொன்னார். அவள் மாற்றவில்லை. ‘பழைய போனில் சோதித்துப் பார்க்கச் சொல்லியும் நான் பார்க்கவில்லை’ என்ற வரியைச் சேர்த்தாள். அந்த வரியைப் படித்ததும் அவர் கையைக் கட்டிக்கொண்டார். அப்படியே அனுப்பினாள்.

பிறகு காத்திருந்தார்கள். நான்கு நாற்பது. நாற்பத்தைந்து. கவிப்பிரியாவின் லைன் இன்னும் கட்டாகவில்லை. தாயம்மா ஒருமுறை, “கண்ணு, நீயே எதுனா ஆறு நம்பர் போட்டுப் பாரேன்” என்றாள். அப்படியெல்லாம் முடியாதுக்கா என்றாள் ரோஷினி. ஐம்பது. அந்த ஓடிபி எப்போதோ செத்துப்போயிருந்தது.

நான்கு ஐம்பத்து மூன்றுக்குப் பதில் வந்தது. கடைசி நாள் திங்கட்கிழமை மாலை ஐந்து மணிவரை தள்ளி வைக்கப்படுகிறது. பக்கத்தை இப்போதே திருத்தவும். முன்பு ‘கிடைத்தது’ என்று பார்த்தவர்கள் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும் என்று எல்லாருக்கும் புரிகிற தமிழில் மேலே போடவும். கடைசியில் ஒரு வரி: இதை எழுதியவர் இனி எங்கள் வேலை எதிலும் இருக்கக் கூடாது.

சரவணக்குமார் இரண்டு தடவை படித்தார். “நீ இப்ப திருத்தி ஏத்திடு,” என்றார். “திங்கட்கிழமை எல்லாத்தையும் உன் பக்கத்து சீட் வெங்கட் கிட்ட ஒப்படைச்சிடு. நிரந்தரம் பண்றதைப் பத்தி இனிமே என்னால பேச முடியாதும்மா.” அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் ரோஷினிக்குச் சுருக்கென்று தைத்தது. சரி சார் என்றாள்.

மேஜைமேல் இருந்த தாயம்மாவின் போனை எடுத்து, கவிப்பிரியாவிடம் திங்கட்கிழமைவரை நேரம் கிடைத்திருப்பதைச் சொன்னாள். வேறு நல்ல போனிலோ பிரவுசிங் சென்டரிலோ போடச் சொன்னாள். மற்ற வண்டிகளில் இருக்கிறவர்களுக்கும் சொல்லச் சொன்னாள். கவிப்பிரியா அதை வண்டிக்குள் உரக்கச் சொன்னாள். பத்துப் பேரும் ஒரே நேரத்தில் பேசின இரைச்சலில் கொஞ்ச நேரம் ஒன்றும் புரியவில்லை. ஆவடி வண்டிக்கு யார் சொல்வது, பூந்தமல்லி வண்டிக்கு யார் சொல்வது என்று அதற்குள் அங்கே பிரித்துக்கொண்டிருந்தார்கள். தாயம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ரோஷினி புது ஓடிபி அனுப்பினாள்.

“வந்துச்சுக்கா,” என்றாள் கவிப்பிரியா. பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். “உங்களுக்கு ஒண்ணும் ஆவாதில்ல?”

“நம்பரைச் சொல்லு கவி,” என்றாள் ரோஷினி.