பாலத்துக் காவலன்

தையல்காரர் வந்து கதவருகே நின்றபோது நான் என் மனைவி இறந்தபின் மிஞ்சிய மாத்திரைகளை அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிதுக்கி ஒரு கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தேன். அட்டையோடு குப்பையில் எறிந்தால் யாராவது எடுத்துத் தின்றுவிடுவார்களோ என்று பயம். அவர் கழுத்தில் அளவு நாடா தொங்கியது. கடையைப் பாதியில் விட்டு வந்திருக்கிறார். உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தவர் என்னைப் பார்க்காமல் தொலைக்காட்சிக்குக் கீழே இருந்த கறுப்புப் பெட்டியைப் பார்த்தார்.

“சார், விளையாட்டுல அக்கா கடைசிக் கோட்டைக்கு முன்னால நிக்கிறாங்க. நானும் என் வீட்டுல அங்கதான் நிக்கிறேன். ரெண்டு பேரும் ஒரே நாள்ல முடிக்கணும்னு பேச்சு. நீங்க சரின்னு சொன்னா, அக்காவோடதையும் நானே முடிச்சுடறேன்.”

என் மனைவி அவருக்கு அக்கா. நான் சார். இத்தனை வருடப் பழக்கத்தில் அது மாறவே இல்லை.

அவள் பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தவள். குத்துவதே தெரியாது என்று அவளைத் தேடி வருவார்கள். வீட்டில் அதிகம் பேசமாட்டாள். மாலையில் முகம் கழுவிக்கொண்டு வந்து, அந்தப் பெட்டியை முடுக்கி, கதை விளையாட்டுக்குள் போய்விடுவாள். அதில் நாமே ஒரு ஆளை உண்டாக்கி ஒரு தேசத்துக்குள் நடத்திச் செல்ல வேண்டும். எதிர்ப்படுகிறவர்களிடம் நாம் என்ன பேசுகிறோமோ அதற்குத் தகுந்தபடி கதை வளையும். அவள் உண்டாக்கிய ஆள் ஒரு கால் விந்துகிற கிழட்டுத் திருடன். கூடவே ஒரு காவலன் வருவான். முன்பு ஏதோ பாலத்தைக் காத்தவனாம். அவனுக்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று உண்டு. அவளும் தையல்காரரும் அவனை “நம்ம ஆளு” என்றுதான் சொல்வார்கள்.

“அம்பது வயசுல பொம்மை ஆட்டிட்டு உக்காந்திருக்கா, நீயும் டீ போட்டுக் குடுத்துட்டு நிக்கிற” என்று என் சொந்த அக்கா வந்தபோதெல்லாம் சொன்னாள். தையல்காரர் வீட்டிலும் இதே பாட்டுதான். அவர் மனைவி ஒருமுறை கடையிலேயே, வாடிக்கையாளர்கள் முன்னால், “இவருக்கு ரவிக்கைக்கு அளவு எடுக்கத் தெரியும், வயசுக்கு அளவு தெரியாது” என்றாராம். என் அக்காவிடம் நான் என் மனைவிக்காகப் பரிந்து பேசுவேன். ஆனால் அக்கா அதைச் சொல்லும்போது உள்ளுக்குள் இனிக்கும். நான் சொல்ல முடியாததை யாராவது சொல்லட்டுமே.

என்னைக் குடைந்தது விளையாட்டல்ல, அந்த நான்கு வரிகள். காவலன் ஏதாவது கேட்டால் திரையின் அடியில் நான்கு பதில்கள் வரும். அவசரமே கிடையாது, அவன் காத்திருப்பான். அவள் டம்ளரை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, உதடு அசைய, ஒவ்வொன்றையும் படிப்பாள். டீ ஆறிப்போகும். அவன் மனம் நோகாமல் எதைச் சொல்லலாம் என்று அப்படி யோசிப்பாள். நான் கேட்டதற்கெல்லாம் அவளிடம் இருந்தது ஒரே பதில்: “ம்.” வண்ணமும் வெளிச்சமும் சேர்ந்த ஒருவன்மேல் பொறாமைப்படுவது கேவலம் என்று எனக்குத் தெரியும். பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவன் நான். இல்லாத மனிதர்களைப் படித்துத்தான் சம்பளம் வாங்குகிறேன். தெரிந்து என்ன பயன்? காவலனின் தம்பி செத்த அன்று அவளும் தையல்காரரும் போனில் அழுதார்கள். என் தம்பி போனபோது அவள் வந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ஆகவே தையல்காரரிடம், “என் பொண்டாட்டி. நானே கூட்டிட்டுப் போய்க்கறேன்” என்றேன்.

சொன்ன பிறகுதான் அது எப்படி ஒலித்தது என்று காதில் விழுந்தது. அவர் சிரிக்கவில்லை. எழுந்து, “நம்ம ஆளுகிட்ட மட்டும் கொஞ்சம் பாத்துப் பேசுங்க சார்” என்று சொல்லிவிட்டுப் போனார். என் வீட்டில் எனக்கே புத்தி.

மறுநாள் காலை விடுப்பு எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். திருடனைச் சுவரில் முட்டாமல் நடத்தவே வெகுநேரம் பிடித்தது. காவலன் நெருப்பருகே உட்கார்ந்து, கோட்டைக் கதவு திறக்காவிட்டால் என்னை விட்டுவிட்டு ஓடிவிடுவாயா என்று கேட்டான். நான்கில் ஆக நல்லதாக இருந்ததைத் தேர்ந்தேன்: உயிர் போனாலும் உன்னைப் பிரியமாட்டேன். திரையின் மூலையில் எழுத்துகள் வந்தன: காவலனுக்கு இது பிடிக்கவில்லை.

நல்ல வார்த்தை சொன்னால் பிடிக்கவில்லையாம். இன்னும் மரியாதையாகப் பேசினேன். பிடிக்கவில்லை. வருத்தம் தெரிவித்தேன். அதுவும் பிடிக்கவில்லை. கடைசியில் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, நீ திருடன்தான், ஆனால் என்னிடம் பொய் சொன்னதில்லை என்றான். எனக்கு ரத்தம் தலைக்கேறியது. அடியில் இருந்த வரியை அழுத்தினேன்: போவதானால் போ. அவன் வாளை உறையில் செருகிக்கொண்டு பனிக்குள் நடந்து போனான். மூலையில் ஒரு சக்கரம் சுழன்று நின்றது. பெட்டி அதைத் தானாகவே சேமித்துக்கொண்டது.

அப்பாடா என்றிருந்தது. இனி நானும் அவளும்தான்.

திருடனைத் தனியாக நடத்தினேன். முதல் திருப்பத்திலேயே ஓநாய்கள். விழுந்தான். மறுபடி தொடங்கியது, மறுபடி விழுந்தான். அடியை வாங்குவது காவலன் வேலை என்று எனக்கு யார் சொன்னார்கள்? ஒவ்வொரு தடவையும் திருடன் விந்தும் காலை மடக்கி, ஒருக்களித்து, ஒரு கையை நெஞ்சோடு சேர்த்துப் படுத்தான். மூன்றாவது தடவை நான் திரையைப் பார்க்கவில்லை. பெட்டியை அணைத்துவிட்டுத் தையல்காரர் கடைக்கு நடந்தேன்.

“வந்துட்டாரு இன்னொருத்தரு” என்றார் அவர் மனைவி, காஜா எடுப்பதை நிறுத்தாமல்.

நடந்ததைச் சொன்னேன். தையல்காரர் மிதியிலிருந்து காலை எடுத்தார். “போகச் சொல்லிட்டீங்களா?” என்றார், வீட்டுக்கு வந்த உறவை நான் துரத்திவிட்ட மாதிரி. பிறகு என்னைப் பார்த்துக் கொஞ்சம் இறங்கி வந்தார். “பயப்படாதீங்க. நெருப்புகிட்ட உக்காரறதுக்கு முன்னாடி அக்கா தனியா ஒண்ணு சேமிச்சு வச்சிருப்பாங்க. எப்பவும் அப்படித்தான். தப்பாப் பேசிட்டா திரும்பி வந்து வேற மாதிரி பேசணும்ல.”

“அவ தப்பாப் பேசுவாளா?”

“அக்காவா? திருடனுக்குக் காயம் பட்டதை நம்ம ஆளுகிட்டச் சொல்ற இடம் ஒண்ணு வரும் சார். அங்க நாலு பதிலையும் சொல்லிப் பாத்தாங்க. மறைச்சா அவன் கோச்சுக்கிட்டான். சிரிச்சு மழுப்பினா விட்டுட்டுப் போயிட்டான். டாக்டர் ரிசல்ட் சொன்ன வாரம் அது.” அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். “கடைசியாச் சொன்னதுக்குத்தான் அவன் எந்திரிச்சு வந்து பக்கத்துல உக்காந்தான்.”

“என்ன சொன்னா?”

“பதில் எதுவும் வேண்டாம், பக்கத்துல வந்து உக்காருன்னு.”

அதே வாரத்தில்தான் அவள் தன் நோயை என்னிடம் சொன்னாள். அன்று நான் மேசையில் அச்சுப்படிகளோடு இருந்தேன். அவள் வேலை உடுப்பைக்கூட மாற்றாமல் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, “ஒண்ணு சொல்லணும். பதில் எதுவும் வேண்டாம், பக்கத்துல வந்து உக்காருங்க” என்றாள். போய் உட்கார்ந்தேன். எங்கள் வாழ்க்கையில் அவள் எனக்கென்று யோசித்துச் சொன்ன வாக்கியம் அது ஒன்றுதான் என்று வைத்திருந்தேன். அவன் முதலில் கேட்டிருக்கிறான். இவர் இரண்டாவது. நான் மூன்றாவது.

“உங்ககிட்ட தப்பாச் சொல்லிடக் கூடாதேன்னுதான் சார்” என்றார் தையல்காரர். அவர் மனைவி காஜாவிலிருந்து தலையை உயர்த்தி, “போய்த் திறந்து குடுத்துட்டு வாங்க” என்றார்.

தையல்காரர் என் வீட்டுத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, நான் பார்த்திராத ஒரு பக்கத்தைத் திறந்து, அவள் சேமித்த இடத்துக்குப் போனார். கோட்டைச் சுவர், பனி, இன்னும் மூட்டாத நெருப்பு. காவலன் எதுவுமே நடக்காதவன் போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவர் ஆட்களை நடத்தும் கைக்கருவியை என்னிடம் நீட்டினார். வாங்கினேன். ஒன்றையும் அழுத்தவில்லை, அவரும் அழுத்தச் சொல்லவில்லை. நமக்கு முதுகைக் காட்டி அவள் நிறுத்திவிட்டுப் போன இடத்தில் திருடன் நின்றுகொண்டிருந்தான். யாரும் நடத்தாவிட்டாலும் அவனுக்கு மூச்சு வந்தது. தோள்கள் ஏறி இறங்கின. வாயிலிருந்து ஆவி வந்து கலைந்தது. மேலே பனி சேர்ந்து சேர்ந்து வெள்ளையானதும் அவனே ஒருமுறை சிலிர்த்து உதறினான். மறுபடி பனி சேரத் தொடங்கியது.