வீரம்மா குடித்துப் பார்க்காத சாக்கு

1

நான் கதை எழுத உட்காரவில்லை. ஓர் அறிவித்தல் எழுதத்தான் உட்கார்ந்தேன்.

என் மகள் பிரேமினி போனில் தேயிலை விற்கிறாள். வாங்குகிறவர்களுக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டியிருந்தது. "எனக்கு வரலப்பா. நீங்க எழுதித் தாங்க, நான் பாத்து அடிச்சுப் போடுறேன்" என்றாள். நான்கு வரி போதும் என்றாள்.

முதல் வரி இப்படி வந்தது:

எமது அன்பான வாடிக்கையாளர்களுக்கு, கடந்த மாதம் எங்கள் வீரம்மா

அங்கே நின்றுவிட்டது. வெட்டிவிடாமல் அப்படியே வைத்திருக்கிறேன். வேறு விதமாகத் தொடங்கிப் பார்த்தேன்:

எங்கள் தேயிலையில் வேறு ஏதோ வாசம் இருப்பதாகச் சொன்னவர்களுக்கு, அந்த வாசம் எங்கிருந்து வந்தது என்றால்

இதுவும் ஓடவில்லை. வாசம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டுமானால் முதல் வரியை முடித்தாக வேண்டும். அதனால்தான் இப்படிச் சுற்றிக்கொண்டு வருகிறேன். நேரே சொல்ல வாய் வராதவன்தான் கதை எழுதுகிறான் போலிருக்கிறது.

[என் பெயர் இராமையா. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பிறகு தோட்டத்தில் வாச்சர் வேலை. போகிற வருகிற ஆளின் சாக்கைத் தடவிப் பார்ப்பதுதான் பிழைப்பு. ஆளை நம்பினால் அந்த வேலை பார்க்க முடியாது. கதை எழுதுகிறவர்களையும் நான் நம்புவதில்லை. நீங்களும் என்னை நம்ப வேண்டாம், தடவிப் பாருங்கள்.]

2

வீரம்மா என் மனைவி. கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவள். வியாபாரம் அவள் பெயரில்தான் நடக்கிறது. பக்கத்தில் உள்ள ஒரு சின்ன பக்டரியில் தேயிலையைச் சாக்காக வாங்குவோம். வீட்டில் புடைத்து, சின்னச் சின்ன உறைகளில் பக்கட் போட்டு, ஹட்டனுக்குக் கொண்டுபோய்க் கூரியரில் கொடுப்போம். பிரேமினி முதன்முதலாகப் போட்ட விளம்பரத்தில் யாரோ எடுத்த மலைப் படம் ஒன்றும் 'உலகத் தரம்' என்ற எழுத்தும் இருந்தன. அதைத் தாய்க்கு வாசித்துக் காட்டினாள்.

"யாருடி சொன்னா ஒலகத் தரம்னு?"

"எல்லாரும் அப்பிடித்தாம்மா போடுறாங்க."

"ஒலகத்தப் பாத்தியா நீ? நுவரெலியா போறதுக்குள்ள பஸ்ல வாந்தி எடுக்கிறவ."

அப்புறம் அப்போது இருந்த சாக்கில் ஒரு பிடி எடுத்து, பால் இல்லாமல் ஒரு கோப்பை சாயம் ஊற்றி, மூடி வைத்து, இறங்கவிட்டுக் குடித்தாள். போனை வாங்கி, ரொட்டியைக் கடிக்கப் போகிறவள் மாதிரி வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு பேசினாள்: "இது மழ நேரத்துக் கொழுந்து. சாயம் எறங்கும், வாசம் கம்மி. பால் ஊத்திக் குடிக்கிறவங்க வாங்குங்க. ப்ளேன்டீ குடிக்கிறவங்க அடுத்த சாக்குக்குப் பொறுங்க."

"சரி, நம்ம யாவாரத்துல நம்மளே மண்ண அள்ளிப் போட்டாச்சு" என்றேன் நான்.

பிரேமினி அந்தக் குரலை அப்படியே போட்டுவிட்டாள். அந்தச் சாக்கு எனக்குத் தெரியாமலே தீர்ந்துபோயிற்று.

"கொற சொன்னா வாங்குறாங்கன்னா, நாளைக்கு எல்லாப் பயலும் கொற சொல்லித்தான் விப்பான்" என்று நான் சொன்னேன்.

"விக்கட்டும். நல்லாருந்தா நல்லாருக்குன்னும் சொல்லுவேன்ல?"

சொன்னாள். சாக்குக்குச் சாக்கு சொன்னாள். ஒரு தடவை, "இதுல நாருதான் கெடக்கு, நாங்களே திருப்பிக் குடுக்கப் போறோம்" என்று சொல்லி ஒரு பக்கட்கூட விற்கவில்லை. அதற்குப் பிறகு வாங்குகிறவர்கள் விலை கேட்பதை விட்டுவிட்டார்கள். "அம்மா என்ன சொன்னாங்க?" என்று மட்டும் கேட்டார்கள்.

[இந்த இடத்தில் அவளைக் கொஞ்சம் கூடுதலாக நல்லவளாக எழுதிவிட்டேன். வாசித்துப் பார்த்தால் கோயில் சிலை மாதிரி இருக்கிறது. சரிப்படுத்துகிறேன்: பொல்லாதவள். தேயிலை பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாசத்தை இழுத்துக்கொள்ளும். அதனால் வீட்டில் கருவாடு கிடையாது. நான் உள்ளே சுருட்டுப் பிடிக்க முடியாது. மழையில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வெளியே நிற்பேன். "என்னாண்ணே, பொஞ்சாதி தொரத்திருச்சா?" என்று பக்கத்து வீட்டு அழகன் கேட்பான். "தேயிலைக்குத்தான்டா வீடு, எனக்கில்ல" என்பேன். உள்ளேயிருந்து அவள் சிரிப்பது கேட்கும்.]

3

இந்தக் கதையில் எனக்கு நம்பிக்கை இல்லாத ஆள் ஒருத்தி இருக்கிறாள். சுபைதா. கொழும்பில் தெமட்டகொடையில் இருக்கிறாளாம். ஆரம்பத்திலிருந்து வாங்குகிறவள். போனில் எழுத மாட்டாள், குரல்தான் அனுப்புவாள். வீரம்மாவை உம்மா என்றுதான் சொல்வாள், தன் தாயைச் சொல்கிற மாதிரி. தேயிலை கேட்டுவிட்டு, "உம்மா எப்படி ஈக்கிறாங்க? முழங்கால் வலி கொறஞ்சதா?" என்பாள். வீரம்மா பதில் பேசுவாள். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்ததில்லை. மூட்டுக்கு எந்தத் தைலம் நல்லது என்பதில் இரண்டு பேருக்கும் சண்டை வேறு.

"இது ஆம்பளையாக்கூட இருக்கும். போன்ல என்னாவும் செய்வானுங்க" என்பேன் நான்.

"ஆம்பளன்னா முழங்கால பத்தி இவ்வளவு கேப்பானா? நீங்க கேட்டீங்களா?" என்பாள் வீரம்மா.

கதை எழுதத் தெரிந்தவனாக இருந்தால் சுபைதாவை எடுத்துவிடுவேன். அவள் இல்லாவிட்டால் அறிவித்தலும் லேசு, கதையும் லேசு. ஆனால் போன கிழமை ஒரு பார்சல் வந்தது. எங்கள் தேயிலைப் பக்கட் ஒன்று, வாய் திறந்து, திருப்பி மடித்து, லாஸ்டிக் போட்டு. கூடவே ஒரு பெட்டி பேரீச்சம்பழம். பெட்டியின் மேல் பேனாவால் 'உம்மாவுக்கு' என்று எழுதியிருந்தது. பேரீச்சம்பழம் அனுப்புகிற ஆளை இல்லை என்று எப்படி எழுதுவது?

குரலும் அனுப்பியிருந்தாள்:

"மகள், கோவிச்சுக்காதீங்க. இந்தத் தேயிலையில வேற ஒரு வாசம் ஈக்கிது. ஊதுபத்தியா சாம்பிராணியா, விளங்க இல்ல. எனக்குத்தான் மூக்கு சரியில்லயோ தெரியாது. உம்மாட்ட ஒருக்கா குடிச்சுப் பாக்கச் சொல்லுங்க. அவங்க சொன்னா எனக்குப் போதும்."

4

வீரம்மா அன்று காலையில்

வீரம்மா அன்று காலையில் புதுச் சாக்கைப் பிரித்து

வீரம்மா அன்று காலையில் புதுச் சாக்கைப் பிரித்து, ஒரு பிடி எடுத்து, கோப்பையில் போட்டு, சுடுதண்ணீர் ஊற்றி மூடி வைத்தாள். சாயம் இறங்கட்டும் என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். நான் வெளியே சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே வந்து, "என்னா, நல்லாருக்கா?" என்று கேட்டேன். சாயத்தைத்தான் கேட்டேன். கோப்பை மூடினபடியே இருந்தது.

இவ்வளவுதான். இதற்கு மேல் இந்தப் பாகத்தில் எழுத ஒன்றுமில்லை.

[லயத்து வீடு, அதாவது தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடு, தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் சாவுக்கு ஒரு அறை, தேயிலைக்கு ஒரு அறை என்று இல்லை. இருப்பது ஒரே அறை. அவளைக் கிடத்தியதும் அங்கேதான், விளக்கு ஏற்றியதும் அங்கேதான். கருமாதி வரைக்கும் காலையும் மாலையும் சாம்பிராணி போட்டோம். சாக்கு மூலையில் வாய் திறந்தபடி நின்றது. அதைக் கட்ட வேண்டும் என்று நினைக்கிற ஒரே ஆள் தரையில் படுத்திருந்தாள். கருமாதி முடிந்து பக்கட் போடும்போது எங்கள் இருவருக்கும் ஒரு வாசமும் தெரியவில்லை. எங்கள் மூக்கு, துணி, தலையணை எல்லாமே அந்த வாசம்தான்.]

5

அதற்குள் ஓர்டர்கள் வந்து கிடந்தன. எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்.

பிரேமினி பதில் போட்டிருந்தாள். அது எனக்குப் பார்சல் வந்த பிறகுதான் தெரியும். அவள் போனில் தாயின் பழைய குரல்கள் இருந்தன. அதில் ஒன்றை எடுத்துப் போட்டுவிட்டாள். "இந்தச் சாக்கு நல்லாருக்கு. பயமில்லாம வாங்குங்க."

அது போன வருசம் வெயில் காலத்துச் சாக்குக்குச் சொன்னது.

"ஏன்டி போட்ட?"

"கேட்டாங்கப்பா. அம்மா என்ன சொன்னாங்கன்னு கேட்டாங்க."

"இல்லன்னு சொல்றதுதானே?"

"அந்த எழுத்த அடிக்கப் போனா கை வரலப்பா." அழுதாள். "உங்களுக்கு வருதா? வந்தா நீங்க எழுதுங்க."

அப்படித்தான் இந்த வேலை என் தலையில் விழுந்தது.

நான் அவளை அதிகம் ஏசவில்லை. காரணம் சொல்கிறேன். அந்தக் குரலை இன்னொரு தடவை போடச் சொன்னேன். இரண்டு பேரும் கேட்டோம். பிறகு சுபைதாவின் குரலைக் கேட்டோம். 'உம்மாட்ட ஒருக்கா குடிச்சுப் பாக்கச் சொல்லுங்க.' இந்தத் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். ஹட்டனில் கூரியர்காரனுக்கும் தெரியும். ஆனால் தெமட்டகொடையில் வீரம்மா உயிரோடு இருக்கிறாள். முழங்கால் வலியோடு நடக்கிறாள்.

6

அறிவித்தலை விட்டுவிட்டு முடிவை யோசித்தேன்.

ஒரு முடிவு: உண்மையைப் போடுகிறோம். எல்லாரும் அழுகிற மஞ்சள் முகம் அனுப்புகிறார்கள். இப்படி உண்மை சொல்கிறவர்களிடம்தான் வாங்க வேண்டும் என்று பத்துப் பேருக்குச் சொல்கிறார்கள். வியாபாரம் கூடுகிறது. இது நடக்கக்கூடியதுதான். எனக்கு அதுதான் பயம். அவள் தேயிலையின் குறையைச் சொன்னாள், அது விளம்பரமாகிவிட்டது. அவள் செத்ததும் விளம்பரமாகிவிட்டால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

இன்னொரு முடிவை நானே பிரேமினிக்குச் சொன்னேன். "கூரியர் வேன்ல யாரோ ஊதுபத்திப் பெட்டி ஏத்திட்டாங்கன்னு சொல்லிரு."

"அம்மா கேட்டுச்சுன்னா செருப்பாலேயே அடிக்கும்."

"அது எங்க கேக்கப் போகுது" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே விளங்கியது. பிரேமினி எழுந்து அடுப்புப் பக்கம் போய்விட்டாள்.

மூன்றாவதாக, ஒன்றும் சொல்லாமல் போனில் விற்கிற பக்கத்தையே மூடிவிடலாம். யாருக்கும் பொய் இல்லை, உண்மையும் இல்லை. ஆனால் பிரேமினி இந்த வேலையை நம்பித்தான் கொழும்பில் துணி தைக்கிற கார்மெண்டுக்குப் போகாமல் நின்றாள். அவள் போய்விட்டால் இந்த அறையில்

வேண்டாம். அந்த வாக்கியம் என்னைப் பற்றியது.

7

இன்றைக்கு அந்தத் திரும்பி வந்த பக்கட்டைப் பிரித்தேன். ஒரு பிடி போட்டு, சுடுதண்ணீர் ஊற்றி, மூடி வைத்தேன். வீரம்மா வைக்கிற நேரம் வரைக்கும் வைத்தேன். திறந்தபோது ஆவியோடு அந்த வாசம் எழுந்தது. எங்கள் வீட்டில் அது போய்விட்டது. ஜன்னல் திறந்து, துணி துவைத்து, எல்லாம் போய்விட்டது. தெமட்டகொடைக்குப் போய்த் திரும்பிய பக்கட்டில் மட்டும் இருந்தது. கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தேன்.

சுபைதாவின் மூக்கில் ஒரு குறையும் இல்லை.

குடித்துவிட்டுப் பேனாவை எடுத்தேன். வீரம்மா போனைப் பிடித்துப் பேசுகிற மாதிரி நினைத்துக்கொண்டு எழுதினேன்:

இந்தச் சாக்கை வீரம்மா குடித்துப் பார்க்கவில்லை. அதற்கு முன்னே இறந்துவிட்டாள். நீங்கள் கேட்ட குரல் பழைய சாக்குக்குச் சொன்னது. அதைப் போட்டது எங்கள் பிழை. தேயிலையில் இருப்பது சாவு வீட்டுச் சாம்பிராணி. யாரும் குடிக்க வேண்டாம், திருப்பி அனுப்புங்கள்.

நான்கு வரி என்றாள். ஆறு ஆகிவிட்டது.

பிரேமினி கண்ணைத் துடைத்துத் துடைத்து அதை அடித்து முடித்தாள். பேரீச்சம்பழப் பெட்டி இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கிறது. யாரும் திறக்கவில்லை.

"போடவாப்பா?" என்கிறாள்.

"பொறு. இத எழுதி முடிச்சிர்றேன்" என்கிறேன்.

முடிக்க ஒன்றும் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். உங்களுக்கு நான் சொல்லியாயிற்று. உங்கள் ஊரில் இனி வீரம்மா கிடையாது. தெமட்டகொடையில் ஒரு வீட்டில் மட்டும் அவள் இன்னும் கோப்பையை மூடி வைத்துவிட்டு, சாயம் இறங்கட்டும் என்று சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். குடித்துவிட்டு ஒரு வார்த்தை சொல்வாள் என்று அங்கே ஒருத்தி காத்திருக்கிறாள்.

பிரேமினி போனுக்கு மேலே விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்க்கிறாள். நான் தலையாட்ட வேண்டும். எழுதிக்கொண்டிருக்கிற வரைக்கும் ஆட்ட வேண்டியதில்லை.

நீங்கள் வீரம்மாவின் சாயத்தை ஒரு நாளும் குடிக்காதவர்கள். நீங்கள் தலையாட்டுங்கள். பிரேமினி அழுத்திவிடுவாள்.