கதிர் செய்த கத்தி

அந்தக் கத்தியை நினைத்தாலே எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது. பார்க்க அழகாகத்தான் இருக்கும். அலகு முழுக்கச் சாம்பல் நிறமும் வெள்ளியுமாக வரிகள் நெளிந்து ஓடும். டமாஸ்கஸ் எஃகாம். என் கொழுந்தன் கதிர் தன் கையாலேயே செய்தது என்று சொந்தக்காரர்கள் எல்லாம் மெச்சுகிறார்கள். எந்தக் கையால் என்று எனக்கல்லவா தெரியும்.

எங்களுக்குத் திருச்செங்கோட்டில் போர்வெல் தோண்டும் ரிக் வண்டிகளைப் பழுது பார்க்கும் ஷெட். என் வீட்டுக்காரர் குமரன் வண்டியோடு வடக்கே போர் போடப் போனால் மாதக்கணக்கில் திரும்ப மாட்டார். ஷெட்டுக்குப் பொறுப்பு நான். வேலை பார்ப்பவர் வெல்டர் மாரியப்பண்ணன். கதிர் இன்ஜினியரிங் முடித்துவிட்டு, எங்கள் இருவருக்கும் நடுவில் நின்று யோசனை சொல்லிக்கொண்டிருந்தான். மாரியப்பண்ணனுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். இவன் வாய் கூசாமல் "மாரியப்பா" என்றுதான் கூப்பிடுவான்.

செல்போனில் எவனோ கத்தி அடிப்பதைப் பார்த்துவிட்டு இவனுக்கும் ஆசை வந்தது. முதலில் லாரி ஸ்பிரிங் பட்டையை வெட்டி அடுக்கிப் பழுக்கக் காய்ச்சி பிரஸ்ஸில் கொடுத்தான். ஒட்டாமல் அப்பளம் மாதிரி பிரிந்துபோனது. அதில் ஒரு துண்டை, இரும்பு இறுகட்டும் என்று, கொதிக்கக் கொதிக்க என் வடைச்சட்டியில் கடலெண்ணெய் ஊற்றி முக்கியிருக்கிறான். அந்தக் கரியையும் நாற்றத்தையும் புளி போட்டுத் தேய்த்தும் போக்க முடியவில்லை. சட்டியைத் தூக்கிக் குப்பையில் எறிந்தேன். "ஒரு சட்டிதானுங்களே அண்ணி" என்று சிரித்தான்.

இரண்டாவது தடவை வேறு முறை. பழைய செயின் துண்டுகளை ஒரு பைப்புக்குள் அடைத்து, இரண்டு பக்கமும் வெல்டிங் வைத்து மூடி, உலையில் காய்ச்சி, பிரஸ்ஸில் அமுக்க வேண்டும். உள்ளே இருப்பதெல்லாம் ஒன்றாகிவிடும். அப்புறம் அலகாகத் தேய்த்து ஆசிட்டில் போட்டால் வரி தெரியும். எங்கள் ஷெட்டில் பைப்புக்கா பஞ்சம்? போருக்கு இறக்கி மீந்த ஜிஐ கேசிங் பைப்பை எடுத்துக்கொண்டான்.

ஜிஐ என்றால் துருப்பிடிக்காமல் இருக்கத் துத்தநாகம் பூசியது. அதை நெருப்பில் காட்டினால் வெள்ளைப் புகை கிளம்பும். அது நெஞ்சுக்கு ஆகாது என்று எங்கள் ஊரில் வெல்டிங் பிடித்த எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் அதற்கு ஒரு வைத்தியம் வைத்திருக்கிறார்கள். புகை அடித்தால் வாழைப்பழம் தின்ன வேண்டுமாம், பழம் விஷத்தை இழுத்துக்கொள்ளுமாம். எந்த டாக்டரும் சொல்லாத வைத்தியம். சட்டென்று ஒரு ஒட்டு வைக்கும்போது இதை நம்பித்தான் ஓட்டுகிறார்கள். உலையில் வைத்து ஒரு பகல் முழுக்கக் காய்ச்சினால் என்ன ஆகும் என்று யாரும் யோசிக்கவில்லை.

அன்றைக்கு நான் மல்லசமுத்திரத்தில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தேன். பொழுது சாயத் திரும்பினால் ஷெட்டுக்குள் வெள்ளை வெள்ளையாகத் தூசி பஞ்சு போலப் பறக்கிறது. சித்திரை வெயிலில், பகலெல்லாம் உலையடியில் நின்ற மாரியப்பண்ணன் சாக்கைப் போர்த்திக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தார்.

"வாயெல்லாம் இனிக்குதுங்க அம்மணி" என்றார். மூச்சு இழுத்துக்கொண்டு வந்தது.

பக்கத்தில் வாந்தி. செரிக்காத வாழைப்பழம் கொழகொழவென்று கிடந்தது. கதிர் அதைத் தாண்டிக் கால் வைத்து, பிரஸ்ஸில் இருந்த இரும்புக் கட்டியை செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். அந்தச் செல்போனைப் பிடுங்கி அந்த வாந்தியிலேயே போட வேண்டும் போல இருந்தது.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது, பிழைப்பாரா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். மாரியப்பண்ணன் மனைவி குப்பாயி சுவரோரம் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள்.

"நான் என்னங்க பண்றது அண்ணி? ஒரு சீப்புப் பழம் வாங்கிக் குடுத்துட்டுத்தான் உலையே பத்த வெச்சேன்" என்றான் கதிர்.

"அப்ப அந்தப் பொக கெட்டதுன்னு உனக்கு முன்னாடியே தெரியும்."

செல்போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"நீ பழம் தின்னியா?"

"நான் எதுக்குங்க? மாஸ்க் போட்டுட்டு வெளிய நின்னுதான வீடியோ எடுத்தேன்."

அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு வெட்கம்கூட இல்லை. படித்தவன், எங்கள் வீட்டுச் சோற்றைத் தின்று வளர்ந்தவன். செருப்பில் ஒட்டியதைப் பார்ப்பது போல அவனைப் பார்த்தேன்.

மாரியப்பண்ணன் பிழைத்துக்கொண்டார். மூச்சு ஓரளவு சீரானதும் கதிர் பார்க்க வந்தான். கையில் சாத்துக்குடிப் பையும் தேய்த்து முடித்துப் பட்டுத்துணியில் சுற்றிய கத்தியும். கட்டில் ஓரம் உட்கார்ந்து அந்தக் கத்தியாலேயே பழத்தை வெட்டி ஒரு துண்டை அவர் கையில் வைத்தான்.

"எப்புடி வந்துருக்குது பாரு மாரியப்பா."

அவர் பழத்தை வாயில் வைத்துச் சப்பினார். "நல்லா வந்துருக்குதுங்க சாமி" என்றார்.

"இன்னும் ரெண்டு பைப் வெட்டி வெச்சிருக்கேன். எப்ப வேலைக்கு வார?"

"உங்கண்ணன் வர்ற வரைக்கும் ஷெட்டு பூட்டித்தான் கெடக்கும். சாவி எங்கிட்ட இருக்குது" என்றேன்.

கதிர் சிரித்தான். மாரியப்பண்ணன் சிரிக்கவில்லை. ஊசி குத்தி வீங்கிய இரண்டு கைகளையும் கூப்பினார்.

"பூட்டிப் போடாதீங்க அம்மணி, கூலி வந்தாத்தானுங்க எங்கூட்ல அடுப்பு எரியும். திங்கக்கெழம வந்தர்றேனுங்க. எனக்கு ஒண்ணுமில்லீங்க." அதற்குள் இருமல் வந்து குனிந்துகொண்டார்.

கதிர் கத்தியில் ஒட்டிய பழச்சாற்றை அவர் போர்வையில் துடைத்தான். நான் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். குப்பாயி அவர் முதுகைத் தடவிக்கொண்டே என்னைத்தான் முறைத்தாள்.