ஆடிட் நாள் ஆயாக்கள்

விடியுமுன்னே அருள்புரம் சிகிச்சை இல்லத்துக் குளியலறையில் வேல்விழிக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. வலிப்புக்கும் மூளைக் கோளாறுக்கும் தங்கிச் சிகிச்சை பெறும் பதினெட்டுப் பெண்பிள்ளைகள். ஒருத்திக்குச் சோப்புப் போட்டால் இன்னொருத்தி வழுக்கிக்கொண்டு ஓடுவாள். பனியன் கம்பெனி முதலாளி மோகன்ராஜின் கருணையில் நடக்கும் இல்லம். வாசலில் அவர் சிரிக்கும் பலகை குளியலறையைவிடப் பெரிது.

வேல்விழியும் ராமாயியுமாக ஆயாக்கள் இரண்டே பேர் இருந்தார்கள். போன வாரம் ராமாயி இரு கைகளிலும் இரண்டு பிள்ளைகளைப் பிடித்திருந்தபோது மூன்றாவதாக நின்ற மைதிலிக்கு வலிப்பு வந்து, விழுந்து நெற்றி பிளந்தது. ஆறு தையல்.

“தப்பா நெனச்சுக்காதீங்க ராமாயிம்மா, நாளையிலிருந்து வர வேண்டாமுங்க” என்றார் மோகன்ராஜ். கழுத்தறுப்பதிலும் அவர் மரியாதைக் குறைவு வைப்பதில்லை.

இன்றைக்கு அவரைப் பழிவாங்காமல் விடுவதில்லை என்றிருந்தாள் வேல்விழி. பனியன் வாங்கி, இல்லத்துக்கு நன்கொடையும் தரும் வெளிநாட்டு பையர் கம்பெனி சோதிக்க வரும் ஆடிட் நாள். ஏழு மணிக்கே கம்பெனி வேனில் ஐந்து பெண் டெய்லர்களைக் கொண்டுவந்து, நீலக்கோட்டு மாட்டி ஆயாக்களாக்கினார் மோகன்ராஜ்.

“கேட்டா என்ன சொல்லோணும்? மூணு கொழந்தைக்கு ஒரு ஆயாங்க. மைதிலி விழுந்தது ராமாயியோட அஜாக்கிரதைங்க. எங்கே, சொல்லுங்க!”

கம்பெனி ஆடிட்டில் பழகிய வாய்கள், ஐவரும் ஒப்பித்தார்கள்.

“வேல்விழிக்கு வாய் வலிக்குதுங்களா?” என்றார் மோகன்ராஜ்.

“எனக்குப் பாடம் ஏறாதுய்யா. அஞ்சாப்போட படிப்ப நிறுத்திட்டாக.”

அவர் வாசலுக்குப் போனதும் டெய்லர்களிடம் திரும்பினாள். “கோட்டு மாட்டியாச்சுல்ல? ஆளுக்கு மூணு பிள்ளை. குளிப்பாட்டுங்க.”

கால்மணி நேரத்தில் ஐவரும் தொப்பலாக நனைந்தார்கள். டெய்லர் விஜயகுமாரியின் பிடியிலிருந்து மைதிலி இரண்டு தரம் நழுவினாள். நெற்றித் தையலைப் பார்த்த விஜயகுமாரி அவளை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

“மூணு பேரையே புடிக்க முடியலீங்கக்கா. ரெண்டே பேரு எப்படிச் சமாளிச்சீங்க? இதுக்கா அந்த அம்மாவை வெரட்டுனாங்க?”

“நீங்களும் அதைத்தானே ஒப்பிச்சீக?”

விஜயகுமாரி மைதிலியின் தலையைத் துவட்டத் தொடங்கினாள்.

ஆடிட் அம்மாள் மோகன்ராஜோடு குளியலறை வாசலுக்கு வந்தாள். எத்தனை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாய் என்று விஜயகுமாரியிடம் மொழிபெயர்ப்பாளர் கேட்டார். விஜயகுமாரி ஈரக்கோட்டைக் கழற்றி மோகன்ராஜின் கையில் போட்டாள்.

“நான் டெய்லருங்க. கொழந்தைங்களைத் தொட்டதே இன்னைக்குத்தானுங்க.”

அடுத்தடுத்து நான்கு கோட்டுகள் விழுந்தன. அவரது வெள்ளைச் சட்டையில் சோப்புநீர் வழிந்தது. தனியாளாக வாரம் முழுக்கத் தூங்காத வேல்விழிக்கு அந்த ஒழுகல் போதவில்லை.

“நான் வரச்சொல்லி ராமாயி கேட்டுக்கு வெளியதான் நிக்குறா. அவளை உள்ள விடுங்க. விழுந்த கதையை அவ சொல்லட்டும்.”

“நாளையிலிருந்து நீங்க…” என்று பல்லைக் கடித்தார் மோகன்ராஜ்.

“ஆறு பேருக்கும் சேர்த்துச் சொல்லிருங்க” என்றாள் விஜயகுமாரி. “அப்படியே கம்பெனிக்கு வந்து எங்க லைன்ல இருக்குற நூத்திருபது பேருகிட்டயும் சொல்லுங்க. சனிக்கிழமை ஷிப்மெண்ட்டு, சரக்கு கப்பலேறோணுமுங்க.”

ஆடிட் அம்மாள் ஏதோ எழுதினாள்; யாருக்குச் சாதகமாக என்று தெரியவில்லை. யாரையும் கேட்காமல் உள்ளே வந்த ராமாயி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மைதிலியின் அருகில் உட்கார்ந்தாள். ஏழு பேரும் பிள்ளைகளைச் சுற்றி நின்றார்கள்.

“தள்ளி நில்லுங்கய்யா” என்றாள் வேல்விழி. “இன்னும் நாலு பிள்ளைக குளிக்கணும்.”

கதவை அவர் முகத்துக்கு நேரே சாத்தினாள்.