சொந்த விருப்பத்தின் பேரில்

மேனேஜர் அறைக்கு வெளியே லாரி டிரைவர்கள் சுவரோரம் குந்தியிருந்தார்கள். நாற்காலிகள் கிடந்தன, டீசலும் கிரீஸும் ஒட்டிய உடுப்போடு அவற்றில் உட்கார யாருக்கும் மனம் வரவில்லை. வாய் ஓயாமல் பேசுவதால் 'ரேடியோ' என்று பேர் வாங்கிய மூத்த டிரைவர்கூட இன்று பேசவில்லை. துறைமுகத்திலிருந்து நேராக வந்திருந்தார். தலை சரிவதும் திடுக்கிட்டு நிமிர்வதுமாக இருந்தார்.

"நெட்டை, என்னைக் கூப்பிட்டா ஒரு தட்டு தட்டு," என்றார் பக்கத்திலிருந்த நெட்டையனிடம்.

"கூப்பிடும்போது பாத்துக்கலாம். நீங்க கண்ணை மூடுங்கண்ணே."

முதலில் நெட்டையனைத்தான் கூப்பிட்டார்கள். கதவைத் திறந்தவன் அவன் மனைவியின் தம்பி. எந்த லாரி எங்கே போகிறது என்று போனில் விரட்டுகிற வேலை மச்சானுக்கு. ஆளைப் பிடித்து, சொல்லிக் கெஞ்சி அவனை இங்கே சேர்த்துவிட்டதே நெட்டையன்தான்.

மேனேஜர் தாளை நகர்த்தினார். நெட்டையன் எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படித்தான். "கம்பெனி பலமுறை எச்சரித்தும், ஓய்வு நேர விதியை மீறி, என் சொந்த விருப்பத்தின் பேரில் வண்டி ஓட்டினேன்..." நிமிர்ந்தான். "தூங்காம ஓட்டணும்னு எனக்கென்ன சார் வேண்டுதலா?"

"ஓட்டின நேரத்தைப் பதியற மெஷின் வண்டியிலயே இருக்கு, அது பொய் சொல்லாதுப்பா. அதிகாரிங்க கேட்டிருக்காங்க. நாங்க நடவடிக்கை எடுத்ததைக் காட்டணும்ல?"

"ஓரங்கட்டி நிறுத்தினேன் சார். எஞ்சின் சூடுகூட ஆறலை, வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு. இப்பவே கிளம்பலைன்னா இனிமே லோடு கிடையாதுன்னு. அந்தக் குரல் இதுல இருக்கு." போனை எடுத்து மேசைமேல் வைத்தான்.

மேனேஜர் கோபப்பட்டிருந்தால் தேவலை. வாயிலிருந்த மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு சிரித்தார். "ரொம்ப நல்லது. போட்டுக் காட்டு. எவன் பேசினானோ அவனை இப்பவே வீட்டுக்கு அனுப்பிடறேன். நான் அப்படிப் பேசச் சொன்னதா எங்கேயாவது இருக்கா?" மச்சான் பக்கம் திரும்பினார். "இருக்காப்பா?"

"இல்ல சார்," என்றான் மச்சான்.

மிட்டாய் பல்லில் உரசும் சத்தம் கேட்டது. மச்சான் அவன் கையைப் பிடித்துத் தாழ்வாரத்துக் குழாயடிக்கு இழுத்துப் போனான்.

"மாமா, அவர் பக்கத்துல உக்காந்து சொல்லச் சொல்லத்தான் நான் பேசினேன். உங்களுக்குத் தெரியாதா?"

"அதை உள்ள சொல்லித் தொலைக்கறதுதானே? உன் நாக்கையும் அவர்கிட்டயே கழட்டிக் குடுத்துட்டியா?"

"என் பொண்டாட்டி மாசமா இருக்கா மாமா. இந்த நேரத்துல வேலை போச்சுன்னா..." முடிக்காமல் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவ ஆரம்பித்தான். நெட்டையன் கொஞ்ச நேரம் அவன் பிடரியைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஓங்கி ஒன்று வைக்கலாம் போலிருந்தது. பிறகு உள்ளே போய் போனை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, கையெழுத்துப் போட்டான். தாளில் இருந்த தன் பேர், யாரோ சாப்பிட்டுவிட்டு வைத்த எச்சில் தட்டுபோல இருந்தது.

மற்றவர்கள் இரண்டு வரிக்கு மேல் படிக்கவில்லை. ரேடியோ ஒரு வரியும் படிக்கவில்லை. "எங்க போடணும்?" என்று மட்டும் கேட்டார்.

"யாரும் போயிடாதீங்க, போட்டோ எடுக்கணும்," என்றார் மேனேஜர்.

பின்கட்டில் பழைய டயர் போட்டு வைக்கிற அறைக்கு வெள்ளையடித்து, 'ஓட்டுநர் ஓய்வறை' என்று பலகை மாட்டியிருந்தார்கள். ரப்பர் நாற்றம் இன்னும் போகவில்லை. வரிசையாகக் கட்டில்கள். மெத்தையும் தலையணையும் கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே இருந்தன.

"உறையைக் கிழிச்சிடாதீங்க. எல்லாம் திருப்பிக் குடுக்கற சாமான்," என்றார் மேனேஜர். "படுத்துக் கண்ணை மூடுங்க. நிம்மதியா இருக்கற மாதிரி."

படுத்தார்கள். பிளாஸ்டிக் நொறுநொறுத்தது. நெட்டையனின் கால்கள் கட்டிலுக்கு வெளியே நீண்டன.

"காலை மடக்கிக்கங்க மாமா. படத்துல பாதி உங்க காலுதான்."

யாரோ சிரித்தார்கள். மச்சான் நாலைந்து படம் எடுத்தான். எல்லாரும் எழுந்தார்கள், ரேடியோவைத் தவிர. அவர் வாயைத் திறந்துகொண்டு கிடந்தார். மெல்லிய குறட்டை வந்தது.

"எழுப்பு. அவர் வண்டிக்கு லோடு ஏறிடுச்சு," என்றார் மேனேஜர்.

"துறைமுகத்துல இருந்து இப்பத்தான் சார் வந்தார்," என்றான் நெட்டையன். "நான் எடுத்துட்டுப் போறேன், அவர் தூங்கட்டும்."

"உனக்கு வேற லோடு இருக்கு."

மச்சான் தோளைப் பிடித்து உலுக்கினான். ரேடியோ அலறி எழுந்தார். கைகள் காற்றில் ஸ்டியரிங்கைத் தேடின. வலது கால் பிரேக்கை மிதிப்பதுபோல மெத்தையை அழுத்தி வழுக்கியது. எங்கே இருக்கிறோம் என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"இதோ... கிளம்பிட்டேன், கிளம்பிட்டேன்," என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் காலால் துழாவி மாட்டிக்கொண்டு போனார்.

அவருடைய தலையணை உறையில் எச்சில் வழிந்திருந்தது. மச்சான் கைக்குட்டையை எடுத்து அதைத் துடைத்தான். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, கறை தெரியாமல் போகும்வரை மறுபடியும் துடைத்தான்.